மூன்றாம் காதும் இடது காதும்

கேள்வி:
மேடம், கவுன்சலிங் படித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெண்மணி வந்தார், நாற்பது வயது இருக்கும். மகனுக்குப் பரீட்சை என்றாலே பயம், அவனை எப்படிக் கையாள்வது என்று கேட்கத்தான் வந்தார். மூன்றாவது செஷனில் ஒன்றைக் கவனித்தேன். கணவர் பற்றிப் பேச்சு வந்தாலே மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இவர் வீட்டில் அடி வாங்குகிறார் என்று எனக்குச் சட்டென்று பட்டது. அடக்க முடியாமல், "உங்க கணவர் உங்களை அடிக்கிறார்னு தோணுது, நீங்க என்கிட்ட மறைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். "அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சிரித்தார். அடுத்த வாரம் வரவில்லை. ஆறு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

என் சூப்பர்வைசர், "உள்ளுணர்வு இல்லாதவங்களுக்கு இந்தத் தொழில் வராது. மனசுல பட்டதைச் சொன்ன, தப்பில்ல" என்கிறார். எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரோ, "உளவியல் சோதனையின் கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் சொல்வதை மட்டும் நம்பு, மனசுக்குப் பட்டதை வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்பார். யார் சொல்வது சரி? இப்போதெல்லாம் எதிரில் இருப்பவரைப் பார்த்து ஏதாவது தோன்றினாலே பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:
அன்புள்ள தோழிக்கு,

உள்ளுணர்வைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தப் போன்.

உங்களுக்குப் பட்டது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கணவர் அடிக்கிற வீட்டில் மனைவியின் போனை வேறு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? ஒரே எண்ணிலிருந்து ஆறு மிஸ்டு கால். "யார் இது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நீங்கள் நினைத்தது தப்பு என்றால் அந்த ஆறு அழைப்பும் வெறும் தொந்தரவு. சரி என்றால் ஆபத்து. எப்படிப் பார்த்தாலும் இனி அழைக்க வேண்டாம். எப்படித் தொடர்புகொள்ளலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்திருந்தால், அந்த வழியில் ஒரே ஒரு முறை, "அடுத்த அப்பாயின்ட்மென்ட் வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று மட்டும் தெரிவியுங்கள். அப்படிக் கேட்டு வைக்கவில்லை என்றால், சூப்பர்வைசரோடு உட்கார்ந்து பேசாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்றைக் கேளுங்கள். அவர் அடி வாங்குகிறார் என்று நீங்களே முழுசாக நம்பியிருந்தால் ஆறு முறை அழைத்திருக்கவே மாட்டீர்கள். வாயைத் திறக்க வைத்த அளவுக்கு அந்த உணர்வு உங்களை யோசிக்க வைக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளம்பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) மாதக்கணக்காகத் தூக்கமில்லை, ஓயாத அழுகை. ஒரு நாள் பளிச்சென்று வந்தார். "இப்போ எல்லாம் சரியாயிடுச்சு மேடம்" என்றார். என்னிடம் இரவல் வாங்கியிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். பாக்கி ஃபீஸையும் எண்ணிக் கொடுத்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம், ஆனால் வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கிளம்பியவரை மறுபடி உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "உயிரை விட்டுடலாம்னு யோசிச்சிருக்கீங்களா?" ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார். அன்றைக்கே அவர் வீட்டாரை வரவழைத்து மனநல மருத்துவரிடம் சேர்த்தோம். இன்று நன்றாக இருக்கிறார். (இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். முளைக்காது. நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.)

வெளியே சொன்னால் ஏதோ ஞான திருஷ்டி போலத் தெரியும். அன்று இரவு ஆற அமர யோசித்தபோது அப்படி ஒன்றுமில்லை என்று புரிந்தது. நீண்ட வாட்டத்துக்குப் பிறகு காரணம் தெரியாத திடீர் அமைதி, கணக்கைத் தீர்ப்பது, வாங்கியதைத் திருப்பித் தருவது எல்லாமே நான் படித்த அறிகுறிகள். அதற்கு முன்பும் ஒன்றிரண்டு பேரிடம் பார்த்தவை. மூளை அதை அடையாளம் கண்டுவிட்டது, வாய்க்கு வார்த்தை வருவதற்குள் வயிறு முந்திக்கொண்டது. அவ்வளவுதான். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமன் 1992-ல் எழுதிய ஒரு கட்டுரையில், உள்ளுணர்வு என்பது அடையாளம் கண்டுகொள்வதுதான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்றார். சதுரங்கத்தில் தேர்ந்தவர் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் நல்ல நகர்த்தலைச் சொல்வதும் இப்படித்தான்.

இதோடு நிறுத்தினால் உங்கள் சூப்பர்வைசர் ஜெயித்துவிடுவார். அதனால் இன்னொரு கதை.

பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவியைப் பற்றி நான் மெதுவாக ஏதாவது கேட்டால், சம்பந்தமில்லாமல் தலையாட்டுவார், வேறு பேச்சுக்குத் தாவுவார். துக்கத்தைத் தொட மறுக்கிறார் என்று எனக்குப் பட்டது. பட்டது என்ன, சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். மூன்று செஷன் அந்தக் கதவையே தட்டினேன், ஒவ்வொரு தடவையும் குரலை இன்னும் தாழ்த்தி, இன்னும் இதமாக. நான்காவது தடவை என் நாற்காலியின் கால் ஆடியதால் இடம் மாறி அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் சொன்னார்: "இன்னிக்குத்தான் மேடம் நீங்க பேசறது நல்லாக் கேக்குது. இடது காது எனக்கு அவ்வளவா வேலை செய்யாது."

தியோடர் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1948-ல் மூன்றாம் காதைப் பற்றி எழுதினார். வாய் சொல்லாததைக் கேட்கும் காது அது. நான் என்னுடைய மூன்றாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், எதிரில் இருந்தவரின் இரண்டு காதும் கேட்கிறதா என்று விசாரிக்கவே இல்லை.

அந்தச் சம்பவத்தில் இன்றைக்கும் என்னை உறுத்துவது ஒன்றுதான். அந்த இளம்பெண்ணிடம் வந்த உணர்வும் இந்தப் பெரியவரிடம் வந்த உணர்வும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இருந்தன. அதே இறுக்கம், அதே நிச்சயம். சரியாக வரப்போகும் உள்ளுணர்வுக்கென்று தனி வாசனை எதுவும் கிடையாது.

உளவியலாளர் டேனியல் கானமன் வாழ்நாள் முழுக்க நிபுணர்களின் தீர்ப்பைச் சந்தேகித்தவர். இன்னோர் உளவியலாளரான கேரி க்ளைன் தீயணைப்பு அதிகாரிகளோடு சுற்றி, அவர்களுடைய சட்டென்ற முடிவுகளைக் கண்டு வியந்தவர். இந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதற்கு இரண்டு நிபந்தனை வைத்தார்கள். அந்தத் தொழிலில் அறிகுறிக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு இருக்க வேண்டும். அந்தத் தொடர்பைக் கற்றுக்கொள்ள வாய்ப்பும் இருக்க வேண்டும், அதாவது நினைத்தது சரியா தப்பா என்று தெரியவர வேண்டும். எவ்வளவு நிச்சயமாகத் தோன்றுகிறது என்பதை அளவுகோலாக வைக்க முடியாது என்பதிலும் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

இரண்டாவது நிபந்தனையில்தான் நம் தொழில் உதை வாங்குகிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்குக் கணக்குப் பிசகினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நம்மிடம் குணமானவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். நாம் கோட்டை விட்டவர் அடுத்த வாரம் வர மாட்டார். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் தகவல். அந்தக் காலி நாற்காலிக்கும் நம்மிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: "அவங்க இன்னும் மனசளவுல தயாராகலை." இப்படியே இருபது வருடம் ஓட்டினால் வளர்வது நிச்சயம் மட்டும்தான்.

2005-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்களிடம் வருகிறவர்களில் யார் நிலைமை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். 550 பேரில் 3 பேரைத்தான் சொன்னார்கள். மோசமானது 40 பேருக்கு. சொன்ன மூவரில் ஒருவர்தான் அந்த நாற்பதில் இருந்தார். 2012-ல் வந்த இன்னோர் ஆய்வில் 129 மனநலப் பணியாளர்களிடம், உங்கள் திறமையைச் சக பணியாளர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள் என்றார்கள். ஒருவர்கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் வைத்திருக்க மாட்டேன்.

அப்படியானால் பேராசிரியர் சொன்னதே சரியா? அவர் பக்கம் கனமான ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர் பால் மீல் 1954-லேயே, ஒருவருடைய எதிர்காலத்தைக் கணிப்பதில் புள்ளிவிவரங்களை வைத்துப் போடும் எளிய சூத்திரங்கள் நிபுணரின் தீர்ப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கின்றன என்று காட்டினார். 2000-ல் 136 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே கதைதான். ஆனால் அதெல்லாம் கணிப்பைப் பற்றிய பேச்சு. எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அடுத்து எதைக் கேட்பது என்பது வேறு விஷயம். தாளில் இருக்கும் கேள்விக்குத்தான் தாள் பதில் சொல்லும். கைப்பை ஜிப்பைப் பற்றி எந்தத் தாளிலும் கேள்வி இல்லை. நீங்கள் கவனித்தீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். மீல் தானும் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தவர் என்பதைப் பேராசிரியரிடம் ஒரு நாள் நினைவுபடுத்துங்கள்.

கவனித்ததற்கும் முடிவுகட்டியதற்கும் நடுவில் நீங்கள் மூச்சு விடவில்லை. அங்கேதான் இடறியது. மனித உருவம் வரையச் சொல்லும் பழைய சோதனை ஒன்று உண்டு. கண்ணை விசேஷமாக வரைகிறவர் சந்தேகப் பேர்வழி என்று அனுபவசாலிகள் பலர் நம்பினார்கள். லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி 1967-ல், படங்களோடு நோய்க்குறிகளைத் தொடர்பே இல்லாதபடி சேர்த்து, அனுபவமே இல்லாத கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். அவர்களும் அதே தொடர்பைக் "கண்டுபிடித்தார்கள்". இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அப்படித்தான் இருக்கும் என்று மனசு முன்பே சொல்லி வைத்திருந்தது. ஜிப் என்றால் பதற்றம், கணவர் என்றதும் பதற்றம் என்றால் அடி என்பதும் அந்த ரகமாக இருக்கலாம். கணவருக்கு வேலை போயிருக்கலாம். இருவரும் பிரிந்திருக்கலாம். கணவருக்குத் தெரியாமல் உங்களிடம் வந்திருக்கலாம். அடியாகவே இருக்கலாம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வைத் தடையாகத்தான் ஃபிராய்ட் 1910-ல் பார்த்தார். உளப்பகுப்பாய்வாளர் பௌலா ஹைமன் 1950-ல் அதைத் திருப்பிப் போட்டு, அது எதிரில் இருப்பவரைப் பற்றிய தகவலாகவும் இருக்கலாம் என்றார். இருக்கலாம். நம்மைப் பற்றிய தகவலாகவும் இருக்கலாம். அடி வாங்கிய ஒருவரை உங்கள் வாழ்க்கையில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பதிலை எனக்கு எழுத வேண்டாம், சூப்பர்வைசரிடம் பேசுங்கள். இந்த விஷயத்துக்குத்தான் அவர் இருக்கிறார், தட்டிக்கொடுப்பதற்கு மட்டும் இல்லை.

அன்று என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்பீர்கள். "கணவர் பத்திப் பேச்சு வரும்போது உங்களுக்குக் கொஞ்சம் சிரமமா இருக்கோன்னு தோணுச்சு. தப்பா இருந்தா சொல்லுங்க. இப்போ பேச வேண்டாம்னாலும் சரிதான்." இவ்வளவு போதும். இதில் அவர் உண்மையை ஒப்புக்கொள்ள இடம் இருக்கிறது, மறுக்கவும் இடம் இருக்கிறது, தள்ளிப்போடவும் இடம் இருக்கிறது. "மறைக்கிறீங்க" என்ற சொல்லில் எதற்கும் இடமில்லை. அடி வாங்குகிறவரிடம் சொன்னாலும் வாங்காதவரிடம் சொன்னாலும் அது குற்றச்சாட்டுதான். வன்முறை பற்றிக் கேட்பது தப்பே இல்லை, கேட்டே ஆக வேண்டும். தனியாக இருக்கும்போது, "இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்று ஆரம்பித்து, எல்லாரிடமும் நிஜமாகவே கேளுங்கள்.

கூடவே ஒரு நோட்டு வாங்குங்கள். பெயர் எழுத வேண்டாம். என்ன பார்த்தேன், என்ன பட்டது, நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம், எது தெரிந்தால் என் நினைப்பு தப்பு என்று ஒப்புக்கொள்வேன் என்று நாலே வரி. சில மாதம் கழித்துச் சிவப்பு மையில் திருத்துங்கள். என் நோட்டில் சிவப்பு அதிகம் விழுந்தது தொண்ணூறுக்கு மேல் போட்ட பக்கங்களில்தான். ஒவ்வொரு செஷன் முடிவிலும், "இன்னிக்கு நான் எதையாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் சில தடவை "இல்லைங்க" என்றுதான் வரும். விடாமல் கேட்டால் ஒரு நாள் யாராவது இடது காதைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்தப் பெண்மணி திரும்பி வந்தால் கைப்பையைப் பார்க்காதீர்கள், கணவரைப் பற்றியும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். "அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, மகனின் பரீட்சை எப்படிப் போனது என்று கேளுங்கள். அவர் அதற்காகத்தானே வந்தார்.