பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீரா?

கேள்வி: புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி என்கிறார்கள். மட்டம் 10.60 அடிக்கு இறங்கினால் பாதித் தண்ணீர் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, மாதவரம்

பதில்: கூடாதம்மா. பாதியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏரி நேர்ச்சுவர் வைத்த தொட்டி இல்லை. கரையோரம் ஆழம், எதிர்ப்புறம் போகப்போக மேடு. மட்டம் ஏற ஏற நீர்ப்பரப்பும் விரியும். உயரத்துக்குத் தக்கபடி பரப்பு சீராக விரிவதாக வைத்துக் கணக்குப் போட்டால், பாதி உயரத்தில் இருப்பது கால் பங்குதான். எந்த ஏரியும் அவ்வளவு சீராக அமையாது. அதனால்தான் ஒவ்வொரு ஏரிக்கும் தரைமட்டத்தை அளந்து, இத்தனை அடிக்கு இத்தனை மில்லியன் கன அடி என்று கொள்ளளவு அட்டவணை போட்டு வைக்கிறார்கள்.

புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 21.20 அடியால் வகுத்தால் அடிக்குச் சராசரி சுமார் 156 மில்லியன் கன அடி வரும். மேலடியில் இதைவிடக் கூடுதலாகவும் அடியாழத்தில் குறைவாகவும் இருக்கும். கோடையில் மட்டம் மளமளவென்று இறங்குவது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்: கீழே போகப்போக அதே அளவு தண்ணீரை எடுத்தாலும் அதிக அடி குறையும்.

இன்னொன்று, அட்டவணை பழசாகிவிட்டால் அதையும் நம்ப முடியாது. வண்டல் படிந்த ஏரியில் அளவுகோல் அதே அடியைத்தான் காட்டும், ஆனால் அட்டவணை சொல்கிற அளவு தண்ணீர் இருக்காது. மறுபடி அளந்து அட்டவணையைத் திருத்த வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: புழல் ஏரி நிரம்பும் முன்பே உபரிநீரைத் திறப்பது வீண் இல்லையா?
– வாசகர், மணலி

பதில்: வினாடிக்கு 3,000 கன அடி வரத்து இருந்தால் ஒரு நாளில் சேர்வது சுமார் 259 மில்லியன் கன அடி. மேலே 2 அடி இடம் இருந்தால், சராசரிக் கணக்கில் சுமார் 311தான் கொள்ளும். ஒன்றேகால் நாளில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் வருவது அத்தனையையும் அப்படியே வெளியேற்றியாக வேண்டும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் கரை அரித்துவிடும். முன்கூட்டியே 500 கன அடி வீதம் திறந்தால் நாளுக்கு 43 மில்லியன் கன அடிக்கு இடம் கிடைக்கும். உபரி போகிற கால்வாய் வடபெரும்பாக்கம், மணலி, கொசப்பூர், சடையங்குப்பம் வழியாகத்தான் கடலை நோக்கிப் போகிறது. அந்த வழியில் ஒரேயடியாகப் பெருவெள்ளம் பாயாமல் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே நல்லது. வீண் என்று சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நீர் கசிகிறது. மண்ணைக் கொட்டி அடைத்துவிடலாமா?
– வாசகர், செங்குன்றம்

பதில்: முதலில் கசியும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்து, அளவும் கூடாமல் இருந்தால் உடனடி ஆபத்து குறைவு, தினமும் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் கரைக்குள் இருக்கும் மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். எலி வளை, மட்கிப்போன மரவேர், மதகுக் குழாயை ஒட்டிய இடைவெளி ஆகியவைதான் பெரும்பாலும் இதற்கு வழிவிடுகின்றன.

ஊற்றின் வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் பக்கத்தில் வேறு வழி பார்க்கும். அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் தேங்கி உயர விடுங்கள். அந்த நீரின் எடை எதிர்த்து அழுத்துவதால் ஓட்டம் குறையும். வழியும் நீர் தெளியும் வரை வட்டத்தை உயர்த்தலாம். தெளிந்ததும் அதற்கு மேல் உயர்த்தாதீர்கள். மூட்டை அடுக்கும்போதே நீர்வளத்துறைக்கும், 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

தூர் வாரும்போதும் கரையின் உள்பக்க அடிவாரத்தை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். அங்கே படிந்த களிமண்தான் கசிவைத் தடுக்கிறது.