கணினிக் கேள்வி பதில்: டிசைனரின் அன்றாடக் கருவிகள்

கேள்வி: தனியாக டிசைன் வேலை செய்கிறேன். கோப்புகள் எல்லாம் தானாகவே கூகுள் டிரைவில் சேர்ந்துவிடுகின்றன. தனியாக பேக்கப் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். டிரைவ் செய்வது சிங்க், அதாவது கணினியையும் டிரைவையும் ஒன்றுபோல வைத்திருப்பது. அது பேக்கப், அதாவது தனியே பாதுகாக்கும் பிரதி ஆகாது. கணினியில் ஒரு கோப்பைத் தவறி அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர் பழைய லோகோவைக் கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். கோப்புகளை நகலெடுக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் மென்பொருளை நிறுவி, இடப்பக்கம் வேலை ஃபோல்டரையும் வலப்பக்கம் டிஸ்க்கையும் காட்டி, 'மிரர்' (இடப்பக்கம் இருப்பதை அப்படியே வலப்பக்கம் ஆக்கும்) முறையைத் தேர்ந்தெடுங்கள். அதே அமைப்பில் அழிக்கும் முறையை 'வெர்ஷனிங்' என்று மாற்றி, அதற்குத் தனி ஃபோல்டர் கொடுங்கள். அழித்த கோப்பும் பழைய பிரதியும் அங்கே தங்கும். பலரும் தவறவிடுவது இந்த ஒரு படியைத்தான்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்த லோகோ, வாடிக்கையாளரின் கணினியில் எழுத்து மாறித் தெரிகிறதே?

பதில்: அந்த எழுத்துரு அவரிடம் இல்லை. முதலில் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். அதன்பின் எழுத்து வெறும் வடிவமாகிவிடும், தட்டச்சு செய்து திருத்த முடியாது. அதனால் மூலக் கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.