கியர் சைக்கிளில் அரிசி மூட்டை ஏறுமா?

கேள்வி: கியர் வைத்த சைக்கிள் வாங்கியிருக்கிறேன். டிஸ்க் பிரேக், முன்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு, கேரியர்தான் இல்லை. வேலைக்குப் போய்வர, கடைக்குப் போக, மாதம் ஒருமுறை அரிசி மூட்டை எடுத்துவர இதையே வைத்துக்கொள்ள ஆசை. சீட் கம்பியில் மாட்டும் கேரியர் ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: லேப்டாப் பைக்கு என்றால் வாங்கலாம். அரிசிக்கு வேண்டாம்.

சீட் கம்பியை மட்டும் பிடித்து நிற்கும் கேரியருக்குக் கீழே முட்டு கிடையாது. முழுச் சுமையும் ஒரே கிளாம்பில்தான் நிற்கும். இந்த வகை பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ வரைதான் தாங்கும். இதே வகைக்கு 50 கிலோ என்று போட்டு விற்பவர்களும் உண்டு, நான் நம்பமாட்டேன். கிளாம்பு மெல்லத் திரும்பி மூட்டை ஒரு பக்கம் சாயும்போதுதான் விஷயம் தெரியவரும்.

உங்களுக்கு வேண்டியது, பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கும் கேரியர். வாங்கும் முன் ஃபிரேமைக் குனிந்து பாருங்கள். அச்சுக்கு அருகே இரண்டு பக்கமும் மரை போட்ட சின்ன ஓட்டை இருக்கிறதா? சீட்டுக்குக் கீழேயும் அதேபோல இருக்கிறதா? இருந்தால் கவலையில்லை, 5 மில்லிமீட்டர் போல்ட்டுகளில் வேலை முடிந்துவிடும். அடுத்த சிக்கல் டிஸ்க் பிரேக். அதன் காலிப்பர், அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம், பல சைக்கிள்களில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சாதாரண கேரியரின் கால் அதில் இடிக்கும். டிஸ்க்குக்கு என்றே கால் அகட்டிச் செய்த கேரியர் இருக்கிறது, அதைக் கேளுங்கள். சைக்கிளைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

இந்த வகை அலுமினிய கேரியர்களில் பெரும்பாலும் 25 கிலோ என்று பொறித்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததிலிருந்து பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போடுகின்றன. வரி தப்பியது, உங்கள் கேரியர் மாட்டிக்கொண்டது! ஒரு கிலோ கூடியதால் உடனே உடைந்துவிடாதுதான். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விழும் அடி, நிற்கும் எடையைவிடப் பல மடங்கு. பத்து கிலோ பையாக இரண்டு முறை வாங்கிக்கொள்ளுங்கள்.

இல்லை, மூட்டைதான் வேண்டும் என்றால், பழைய கறுப்பு ரோட்ஸ்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுவதே நல்லது. அந்த சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 ஸ்போக், பின்சக்கரத்தில் 40. சுமை விழும் இடம் தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். இரும்பு கேரியர் கூடவே வரும். எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த ரெட்டைக்கால் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளில் தனியாளாக மூட்டை ஏற்றிப் பாருங்கள், அருமை புரியும். வாங்கும்போது பின்சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், கேரியர் பற்றவைத்த இடங்களில் விரிசல் தேடுங்கள். ஒரு குறை உண்டு: இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் லேசில் பிடிக்காது. சுமையும் இருந்தால் இன்னும் மோசம், மெதுவாகத்தான் வரவேண்டும்.

கேள்வி: காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருகிறேன். முன்கூடை நல்லதா, பின்பக்கம் இருபுறமும் தொங்கும் பை நல்லதா?

பதில்: ஹேண்டில்பாரில் பை மாட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அது ஆடி ஆடி ஸ்போக்குக்குள் போனால் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள்.

கைப்பை, சாப்பாட்டு டப்பா, கொத்தமல்லிக் கட்டு இவற்றுக்கு முன்கூடை போதும். முன் அச்சிலிருந்து முட்டுக்கம்பி வரும் கூடையாக வாங்குங்கள். அதிலும் நாலைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம், திருப்பும்போது கை கனக்கும்.

வாரக் காய்கறிக்குப் பக்கப் பைதான். எடை கீழே இறங்குவதால் சைக்கிள் ஆடாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிரப்புங்கள். மாட்டியதும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, குதிகால் பையில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடித்தால் பையைப் பின்னால் தள்ள வேண்டும். அடியிலும் உட்பக்கத்திலும் விறைப்பான அட்டை இல்லாத பை சக்கரத்துக்குள் தொய்யும். பின் ரிஃப்ளெக்டர் மறையக்கூடாது.

கேரியர் மேலே சாமான் கட்ட, கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறைவிடப் பழைய டியூபை நீளமாக வெட்டிக்கொள்வது மேல். கொக்கி நழுவி முகத்தில் தெறிக்காது, சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

கேள்வி: இரண்டே மாதத்தில் கேரியர் பற்றவைப்பு விட்டுப்போனது. பில் இருக்கிறது. ‘இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: பொறித்திருக்கும் எடைக்கு உட்பட்டுத்தான் ஏற்றினீர்களா? அப்படியென்றால் அது பொருளின் குறைபாடு, வாரண்டி இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. உடைந்த இடத்தையும் எடை பொறித்த இடத்தையும் படம் எடுத்து, மாற்றித்தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதுவரை அதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த உடைந்த இடம்தான். அலுமினியம் என்றால் சாதாரணப் பட்டறையில் பற்றவும் பற்றாது.