சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அண்ணா,

ஜூலையில் மணாலியிலிருந்து லே வரை காரில் தனியாகப் போகிறேன். கூடாரம், அடுப்பு எல்லாம் வாங்கியாச்சு. முதல் இரவு மணாலி, அடுத்த இரவு சர்ச்சு, மூன்றாம் நாள் லே. துணையில்லாமல் போகக்கூடாது என்று அம்மா அழுகிறார். நீங்கள் தனியாகப் போனவர், சொல்லுங்கள்.

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இந்தத் திட்டம் வேண்டாம்.

ஜூலையில் மணாலி மழையில் ஊறிக் கிடக்கும், தேவதாரு மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்படியே அடல் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒன்பது கிலோமீட்டர் ஓட்டி வெளியே வந்தால், பல நாள் சிஸ்ஸுவில் சுள்ளென்று வெயில். பீர் பஞ்சால் மலை மழையில் பெரும்பங்கை மணாலிப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. சுரங்கம் தாண்டி வரும் இந்த லாஹுல் பள்ளத்தாக்கில் மலையெல்லாம் மொட்டை, வாய்க்கால் பாயும் இடத்தில் மட்டும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் பச்சையாக நிற்கும். 2020க்கு முன்பு ரோத்தாங் கணவாய் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், மரம் குறைந்து புல்லாகி, புல்லும் போய்க் கல்லாவதை வழியெல்லாம் பார்க்கலாம். இப்போது கால் மணி நேரத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், லாஹுலில் தங்குங்கள்.

லாஹுலில் ஜிஸ்பா என்ற கிராமத்தில் இரண்டு இரவு. பாகா ஆற்றங்கரை மணல் ஆசை காட்டும், அங்கே கூடாரம் போடாதீர்கள். பகல் வெயிலில் பனி உருகி மாலையில் தண்ணீர் ஏறும். ஒரு வீட்டில் கேட்டு வயலோரம் போடுங்கள். மறுநாள் பாராலாச்சா கணவாய்க்குக் கீழே சூரஜ் தால் ஏரி வரை ஏறிப் பார்த்துவிட்டு, தூங்க ஜிஸ்பாவுக்கே இறங்கிவிடுங்கள்.

உங்களைப் போலத்தான் நானும் முதல் தடவை மணாலியிலிருந்து நேராக சர்ச்சுவில் போய்ப் படுக்கப் பார்த்தேன். உயரம் 4,290 மீட்டர். கூடாரக் கம்பியின் முனையை வளையத்தில் செருக வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரம் அதே கம்பி, அதே வளையம், கை வேறெங்கோ போகிறது, எனக்கோ எல்லாம் சரியாகத்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. பக்கத்தில் லாரி நிறுத்தியிருந்த ஓட்டுநர் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துத் தன் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விட்டார். உங்கள் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது: அந்த உயரத்தில் புத்தி தடுமாறினால் நமக்கே தெரியாது, சொல்ல ஆள் வேண்டும். தனியாகப் போகிறவர் அதற்கு ஈடாக, உடம்பு உயரத்துக்குப் பழக, நாட்களைத்தான் கொடுக்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் வந்தால், இரவானாலும் உதவி கேட்டு இறங்குங்கள்.

அப்புறம் சாப்பாடு. சர்ச்சு உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. அவல் எடுத்துப் போங்கள். கேஸ் குப்பியை இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் அடுப்பு ஒழுங்காக எரியும். டாண்டியில் டேங்கை நிரப்பிவிடுங்கள். சர்ச்சு தாண்டி மோரே சமவெளியில், நாற்பது கிலோமீட்டர் வெட்டவெளி, எங்காவது எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான் தனியாகப் போவதே அதற்காகத்தான்.

சிம் போஸ்ட்பெய்டாக இருக்கட்டும், நம் ஊர் ப்ரீபெய்டு லடாக்கில் எடுக்காது. ஜிஸ்பாவை அடுத்து வரும் தார்ச்சா தாண்டினால் எதுவுமே பல மணி நேரம் எடுக்காது, அதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஜிஸ்பாவில் கிளம்பும்போது ஒரு போன், லேவுக்கு முன்னால் உப்ஷி பக்கம் சிக்னல் வந்ததும் ஒரு போன்.