ஆட்டிசத்தோடு 44 வயதில் கோடிங்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எனக்கு 44 வயது. ஆட்டிசம் இருப்பது போன வருடம்தான் உறுதியானது. அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க இரண்டு ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்து, இரண்டையும் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு எரர் வந்தால் அன்றைய நாளே கெட்டுவிடுகிறது. எனக்கு இது வருமா? வேலை கிடைக்குமா?

பதில்: வரும். ஆனால் அதே மாதிரி மூன்றாவது வகுப்பு ஒன்றில் சேர வேண்டாம்.

ஆட்டிசம் இருந்தால் கோடிங் தானாக வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி இறங்கியவர்கள், வராதபோது தங்களையே நொந்துகொள்கிறார்கள். கோடிங் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல இடங்களில் பரவாமல் ஒன்றிரண்டு விஷயங்களில் ஆழமாக இறங்கும் என்று ஆட்டிசம் ஆய்வாளர் டைனா மர்ரேயும் உடன் எழுதியவர்களும் 2005-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். நீங்கள் சேர்ந்த வகுப்புகளை இதோடு பொருத்திப் பாருங்கள். பத்து நிமிட வீடியோ, உடனே வினாடி வினா, அடுத்த நிமிடம் வேறு தலைப்பு என்று போகும் வகுப்பில், மனம் ஒன்றில் இறங்கும்போதே வெளியே இழுக்கப்படுகிறது. உங்களுக்கு ஒத்துவராதது கோடிங் இல்லை, அந்த ஏற்பாடாக இருக்கலாம்.

எழுத்தில் இருக்கும் பாடத்தை எடுங்கள். பைத்தானின் அதிகாரபூர்வ பயிற்சிப் பக்கங்கள் இலவசம்; பின்னணி இசை கிடையாது, வேண்டிய வேகத்தில் படிக்கலாம். ‘தினமும் இருபது நிமிடம்’ என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. தொடங்குவதுதான் கஷ்டம் என்றால் வாரத்தில் இரண்டு நாள், நீண்ட நேரம் உட்காருங்கள். எழும் முன் அடுத்த முறை செய்யவேண்டிய முதல் வேலையை ஒரு வரியில் எழுதி வையுங்கள். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் அலாரம் வையுங்கள். ஆழ்ந்த கவனத்தில் பசி தெரியாது.

அப்புறம், எரர். அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாமல், கணினி எந்த இடத்தில் நின்றுபோனது என்ற தகவலாகப் படியுங்கள். கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்: பிழையின் வகை அங்கேதான் இருக்கும். வரி எண்ணும் கிடைக்கும், ஆனால் தவறு எப்போதும் அந்த வரியிலேயே இருக்காது. பழைய பைத்தானில் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால், பெரும்பாலும் சரியாக இருக்கும் அடுத்த வரியைத்தான் அது காட்டும். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்பவர் அந்த வரியையே மணிக்கணக்கில் துருவுவார். 2021-ல் வந்த பைத்தான் 3.10-லிருந்து, திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறது. அதனால் முதலில் பதிப்பைப் புதுப்பியுங்கள்.

இன்னொரு இடத்திலும் நிறையப் பேர் சிக்குகிறார்கள். எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் (range) என்ற கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்தால் 9-லேயே நின்றுவிடும். ஏமாற்றுவதுபோல் தோன்றினாலும் விதி ஒன்றுதான்: தொடக்கம் சேரும், முடிவு சேராது. அதனால் 10-லிருந்து 1-ஐக் கழித்தாலே எத்தனை எண்கள் வரும் என்பது தெரிந்துவிடும். காரணம் புரிந்த விதி உங்களுக்கு மறக்காது; எனவே புரியாததை மனப்பாடம் செய்யாமல் ‘ஏன்’ என்று தேடுங்கள். ஏஐ உதவியாளரிடம் கேட்டால், ஒரு நேரத்தில் ஒரே வரியை விளக்கச் சொல்லுங்கள். அது தவறானதையும் உறுதியாகச் சொல்லும். ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

எரருக்குப் பிறகு உடம்பே படபடத்தால் கோப்பைச் சேமித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அன்று அதைத் தீர்த்தே ஆகவேண்டியதில்லை. வாரக்கணக்கில் எதுவுமே ஓடாத அளவு சோர்வு இருந்தால் கோடிங் காத்திருக்கட்டும், மருத்துவரைப் பாருங்கள்.

வேலை விஷயம். ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவே சில நிறுவனங்கள் திட்டங்கள் வைத்திருக்கின்றன. டென்மார்க்கில் 2004-ல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்ன் இதில் முன்னோடி, ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி தன் திட்டத்தை 2013-ல் தொடங்கியது. இருந்தாலும், அனுபவம் இல்லாத புரோகிராமராக வெளியே போட்டியிடுவது கடினம். உங்கள் பலம் பதிவேடுகள். இரட்டிப்பாகப் பதிவான பெயர்கள், மாறிமாறி எழுதப்பட்ட தேதிகள் எங்கே தொல்லை தருகின்றன என்பது வெளியாளைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். கற்பனையான பெயர்கள் கொண்ட ஒரு சிறு பட்டியலைத் தயாரித்து, இரண்டு முறை வரும் பெயரை மட்டும் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். அது ஓடிய பிறகு தேதிகளுக்குப் போகலாம். அலுவலகக் கோப்புகளில் கை வைப்பதற்கு முன் மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.