மழை வந்ததும் பள்ளியை விட்டுவிட்டார்கள், பிள்ளை கேட்டில் நின்றது: என்ன கேட்கலாம்?

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு, தனியார் பள்ளி. போன நவம்பரில் மழை வலுத்ததும் பன்னிரண்டு மணிக்கே பள்ளியை விட்டுவிட்டார்களாம். வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது 12.20க்கு, வேலையில் இருந்த இவர் அதைப் பார்த்தது இரண்டு மணிக்கு. அதுவரை குழந்தை நனைந்த யூனிஃபார்மோடு வாட்ச்மேன் அறையில். போய்க் கேட்டால் "மெசேஜ் போட்டோமே மேடம்" என்று பதில். பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் கழகம்) உறுப்பினராக இருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்பது, கேட்டால் கோபித்துக்கொள்வார்களா என்கிறார்.

அந்த "மெசேஜ் போட்டோமே"யில்தான் கோளாறு மொத்தமும் இருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததா, யார் கூப்பிட வருகிறார்கள் என்று தெரியாமல் எட்டு வயசுக் குழந்தையை வகுப்பிலிருந்து எழுப்பவே கூடாது. மழைக்கு, வகுப்பறையைவிட கேட் எந்த விதத்தில் பாதுகாப்பு? பெரும்பாலான மழை நாட்களில் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக ஆள் வர வர அனுப்புவதுதான் சரி. மணியடித்து மொத்தமாக விடுவது பள்ளிக்கு வசதி, அவ்வளவுதான். இதை நான் தலைமை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், பின்னால் வருகிறேன்.

அவசரகால ஏற்பாடு என்று கேட்டால் எந்தப் பள்ளியும் முதலில் காட்டுவது வராந்தாவில் தொங்கும் சிவப்பு சிலிண்டரைத்தான். காரணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனபிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2009இல் உச்ச நீதிமன்றமும் பள்ளிக் கட்டடங்களில் தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதனால் சிலிண்டர் வந்தது, மணல் வாளி வந்தது, வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் வந்தது. (சிலிண்டரின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள், பல இடங்களில் நிற்காது.) இதெல்லாம் பள்ளிக்குள் நடப்பதற்கான ஏற்பாடு. பள்ளியிலிருந்து வீடு வரைக்குமான பாதிக்கு இன்னும் யாரும் திட்டம் போடவில்லை.

2024 பிப்ரவரி 8 நினைவிருக்கிறதா? சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்த நாள். குண்டு எதுவும் இல்லை, புரளிதான். ஆனால் செய்தி டிவியில் ஓட ஆரம்பித்ததும் பெற்றோர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். அதே வருஷம் அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடி வந்து பிள்ளைகள் மயங்கியபோதும் பெற்றோர்களின் கோபம் எங்களுக்கு ஏன் உடனே சொல்லவில்லை என்பதில்தான் வந்து நின்றது. பள்ளி வாய் திறக்காத நேரத்தை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள், அது டிவியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஃபார்வர்டாக இருக்கலாம்.

சரி, கூட்டத்தில் என்ன கேட்பது? முதலில் போன் நம்பர். உங்கள் பள்ளியில் ஒரு குழந்தைக்கு எத்தனை நம்பர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒன்று என்றால் போதாது. நிறைய வீடுகளில் ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், வீட்டில் இருக்கும் அம்மாவிடமோ பாட்டியிடமோ பட்டன் போன்தான் இருக்கும், பள்ளியோ வாட்ஸ்அப்பை மட்டும் நம்பிக்கொண்டிருக்கும். குறைந்தது மூன்று நம்பர் வேண்டும், மூன்றாவது நம்பர் பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கிற ஒருவருடையதாக இருக்கட்டும். அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, கரண்ட் போன நாளில்தான் அது தேவைப்படும். வகுப்புவாரியாகத் தாளில் அச்சடித்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் எஸ்.எம்.எஸ். நெட்வொர்க் நெருக்கடியில் போன் கால் கிடைக்காத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் இதில் ஒரு சங்கதி பல பள்ளிகளுக்குத் தெரிவதில்லை. பள்ளி, வங்கி மாதிரியான அமைப்புகள் மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸின் வாசகத்தை முன்கூட்டியே தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி அப்படி. பதியாத வாசகத்தை அன்றைக்கு அவசரமாக டைப் அடித்து அனுப்பினால் வழியிலேயே நின்றுவிடும். ஃபீஸ் கட்டச் சொல்லும் வாசகத்தைப் பதிந்திருப்பார்கள், அவசரத்துக்கு ஒன்றுகூட இருக்காது! நேரம், இடம் மட்டும் மாற்றிப் போடும்படி மூன்று நான்கு வாசகங்களை இப்போதே பதிந்து வைக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 70 எழுத்துகள்தான் கொள்ளும், புள்ளியும் கொம்பும்கூட அதில் தனித்தனிக் கணக்கு, ஆகவே 'அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்' எல்லாம் வேண்டாம். வெள்ளத்தில் டவரே செத்துவிட்டால் எஸ்.எம்.எஸ்.ஸும் போகாது, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பார்த்தோம். அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும்: போன் வேலை செய்யாத நாளில் பிள்ளைகள் இந்தக் கட்டடத்தின் மாடியில் இருப்பார்கள், இந்த வாசலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஜூன் மாதமே சொல்லிவிடுவது.

செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்றால், என்ன நடந்தது, பிள்ளைகள் எங்கே, நீங்கள் வரலாமா வேண்டாமா, வந்தால் எந்த கேட், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு. உதாரணமாக "கனமழை. பிள்ளைகள் வகுப்பில் உள்ளனர். ஆள் வந்தால்தான் அனுப்புவோம். பின் கேட். அடுத்த செய்தி 1 மணி." இவ்வளவு போதும், இது இரண்டு எஸ்.எம்.எஸ். கணக்கில் போகும், பரவாயில்லை. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், ஒரு மணிக்குத் தகவல் வரும் என்று தெரிந்தால் பாதிப் பேர் ஆபீஸ் நம்பருக்கு அடித்து லைனை அடைக்க மாட்டார்கள். இன்னொன்று, தலை எண்ணி ரிஜிஸ்டரோடு சரிபார்க்கும் முன் "அனைவரும் பத்திரம்" என்று எழுதவே கூடாது. அவசரத்தில் ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதிவிடுவார்கள், பிறகு ஒரு பிள்ளை கழிவறையில் பூட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கும். வாட்ஸ்அப் குரூப்பை அந்த நேரத்துக்கு அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியின் ஒரே செய்தி முந்நூறு "என்னாச்சு மிஸ்?"களுக்கு நடுவே மேலே போய்விடும்.

இனி கேட். நான் முன்பு சொன்ன தப்பு இங்கேதான். பல வருஷத்துக்கு முன், இதே மாதிரி ஒரு மழை நாள். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தையைக் கூப்பிட ஒரு பெரியவர் கறுப்புக் குடையோடு வந்தார். வாட்ச்மேன் "யாரும்மா இவரு?" என்று கேட்க, "எங்க தாத்தா" என்று அது ஓடிப்போய்க் குடைக்குள் நுழைந்துகொண்டது. அனுப்பிவிட்டோம். இருபது நிமிஷம் கழித்து அம்மா வந்தார், பிள்ளை இல்லை, யாரோடு போனது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம். அந்த அம்மாவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தாத்தா உண்மையிலேயே தாத்தாதான், அம்மாவுக்கு போன் போட்டுப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை, பேத்தியைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பிள்ளை பெயர், வந்தவர் பெயர், நேரம், ஒரு கையெழுத்து என்று வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். மறுநாளே நோட்டுப் போட்டோம்.

உங்கள் பள்ளியிலும் அதையே கேளுங்கள். யார் யாரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று வருஷ ஆரம்பத்தில் பெற்றோர் எழுதிக் கொடுப்பது, அதில் பெயர் இல்லாதவர் வந்தால் சொந்த மாமாவாகவே இருந்தாலும் போனில் கேட்காமல் அனுப்பாமல் இருப்பது. பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இது இன்னும் முக்கியம், வாட்ச்மேனுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம், அவர் கையில் பட்டியல் இருந்தால் போதும்.

வேன் பிள்ளைகளை மறந்துவிடுவார்கள். பள்ளி வேனில் உதவியாளர் இருப்பார், பட்டியல் இருக்கும். நாலைந்து வீட்டார் சேர்ந்து பேசிவைத்த ஆட்டோவிலும் தனியார் வேனிலும் வரும் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. டிரைவர் வழக்கமாக மூன்றே முக்காலுக்குத்தான் வருவார், பன்னிரண்டு மணிக்கு அவர் வேறு சவாரியில் இருப்பார். அவர்களுடைய நம்பரையும் ஆபீஸில் கொடுத்து வையுங்கள்.

கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். நவம்பரில் நடந்ததை வைத்துச் சண்டையாக ஆரம்பித்தால் நிச்சயம் கோபித்துக்கொள்வார்கள். "ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஒப்படைக்கிற ஒத்திகை ஒன்று வைக்கலாமா, நாங்கள் பத்துப் பேர் உதவிக்கு வருகிறோம்" என்று ஆரம்பியுங்கள். மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடுகிற ஒத்திகை எல்லாரும் வைக்கிறார்கள், செய்தி அனுப்பி, பெற்றோர் வந்து, கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை வாங்கிப் போகிற ஒத்திகை அபூர்வம். ஒரே ஒரு வகுப்போடு ஆரம்பித்தாலே போதும், முதல் தடவையில் எத்தனை நம்பர் "தற்போது உபயோகத்தில் இல்லை" என்று பதில் சொல்கிறது பாருங்கள், அதற்கப்புறம் தலைமை ஆசிரியரே பட்டியலைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் மகளின் டைரியில் முதல் பக்கத்தில் இருக்கும் நம்பர் இப்போதும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அந்த நம்பரை மகளுக்கு மனப்பாடமாகத் தெரியுமா என்றும் கேளுங்கள். மூன்றாம் வகுப்புக்குப் பத்து இலக்கம் பெரிய பாரமில்லை, பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தால் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வாள்.