பிள்ளைக்கு முன் உங்களுக்கு உடுப்பு வாங்குங்கள்

தங்கச்சி, ஒன்றரை வயது மகனை இந்த ஒஸ்லோக் குளிரில் வெளியே கொண்டு போகலாமா, என்ன உடுத்துவது, எந்த நிறுவனத்தின் ஜாக்கெட் நல்லது, வாடகை குறைந்த பக்கம் எது என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். வாடகை விஷயத்தை உங்கள் கணவரின் வேலையிடத்தில் விசாரியுங்கள். ஜாக்கெட்டின் பெயருக்காக ஒரு குரோனரும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வெளியே போவதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் பலர் நல்லெண்ணத்தோடுதான் பிள்ளைகளை ஐந்து மாதம் வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

கொண்டு போகலாம், தினமும் கொண்டு போக வேண்டும். இங்குள்ள பாலர் பாடசாலைகளில் சின்னப் பிள்ளைகள் மதியத் தூக்கத்தையே வெளியில், தள்ளுவண்டியில்தான் தூங்குகிறார்கள். மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் பல இடங்களில் உள்ளே எடுத்துவிடுவார்கள். காற்று பலமான நாளில் அதற்கு முன்பே எடுப்பார்கள். நீங்களும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடைக்குப் போனால் முதலில் உங்களுக்கும் கணவருக்கும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைகளில் எங்கள் குடும்பங்களைப் பார்க்கிறேன். பிள்ளைக்கு மூன்று ஸ்வெட்டர், இரண்டு தொப்பி. தாய் மெல்லிய பருத்திக் காற்சட்டையில் நிற்பார். தகப்பன் கந்தோருக்குப் போடும் தோல் சப்பாத்தோடு பனிக்கட்டியில் வழுக்குவார். பத்து நிமிடம் ஆகாது, "பிள்ளைக்குக் குளிரும், வாங்க போவோம்" என்பார்கள். பிள்ளைக்குக் குளிரவில்லை, குளிர்வது தகப்பனுக்கு. பெற்றவர்களுக்கு எப்போது விறைக்கிறதோ, அத்தோடு பிள்ளையின் நடை முடிந்தது.

ஆகவே நீங்கள் இருவரும் மேலும் கீழும் கம்பளி உள்ளாடை போடுங்கள். இங்கே ஸ்டில்லோங்ஸ் என்று சொல்லும் நீளக் காற்சட்டையை ஆண்கள் பலர் வெட்கப்பட்டு ஒதுக்குகிறார்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை, இந்த நாட்டு மந்திரியும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். அதற்கு மேல் காற்றுப் புகாத காற்சட்டையும், தடித்த அடியுள்ள சப்பாத்தும் வேண்டும். பனி உருகி மறுபடி உறைந்த நாட்களில் சப்பாத்தின் அடியில் மாட்டும் புரொடர் என்ற முட்கள் கட்டாயம். தள்ளுவண்டியோடு நீங்கள் விழுந்தால் பிள்ளையும் சேர்ந்துதான் விழும்.

இனி மகனுக்கு. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வெள்ளைப் பருத்தி உள்சட்டைகளை மடித்துக் கோடைக்கு வையுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம் ஈரத்தை வாங்கினாலும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. மெரினோ கம்பளி கடிக்காது, பயப்பட வேண்டாம். உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, நடுவில் ஒரு தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே தலை முதல் கால் வரை ஒரே துண்டான குளிர்கால உடுப்பு. இவ்வளவு போதும். நடக்கிற பிள்ளைக்கு உங்களுக்கு எத்தனை அடுக்கோ அத்தனை அடுக்கு, வண்டியில் அசையாமல் இருக்கிற பிள்ளைக்கு ஒன்று கூட. குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பிள்ளைகளின் கை எளிதில் குளிர்ந்துவிடும். பிடரியில் விரலை வையுங்கள். சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். வியர்த்த பிள்ளை நின்றவுடன் நடுங்கத் தொடங்கும்.

சப்பாத்து விரல் அசையும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு காலுறையைத் திணித்தால் இரத்தம் ஓடாது, கால்தான் முதலில் விறைக்கும். கையுறை விரல் பிரியாததாக இருக்க வேண்டும். கழுத்துக்குச் சால்வை வேண்டாம், சறுக்கு மரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பாலர் பாடசாலைகள் பலவற்றில் அதை அனுமதிக்கவும் மாட்டார்கள். தலைவழியாகப் போடும் கழுத்துறை போதும். இன்னொன்றை மறக்கவே கூடாது: காரில் ஏறும்போது அந்தத் தடித்த வெளியுடுப்பைக் கழற்றிவிட்டு இருக்கைப் பட்டியைப் போடுங்கள். பஞ்சுடுப்பின் மேல் இறுக்கிய பட்டி விபத்தில் தளர்ந்துவிடும். பட்டி உடலோடு இருக்க, மேலே ஒரு போர்வை போர்த்தினால் போதும்.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? 1989 நவம்பரில் நான் வார்டோவில் வந்து இறங்கினேன். நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்கின் கிழக்கு ஓரத்தில், பாரன்ட்ஸ் கடலுக்குள் இருக்கிற தீவு. மரம் வளராத இடம், காற்றைத் தடுக்க எதுவுமில்லை. அந்தக் காலத்தில் வடக்கில் மீன் தொழிற்சாலைகளுக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் போனார்கள், என் கணவரும் அப்படித்தான். வேலைக்கு எடுத்தவர்கள் ரப்பர் சப்பாத்தும் மேலங்கியும் தந்தார்கள். உள்ளே என்ன போடுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். என்னோடு மீன் வெட்டிய ஒரு நோர்வேக் கிழவிதான் வீட்டுக்குக் கூட்டிப்போய், தன் பிள்ளைகள் போட்டுக் கழித்த கம்பளியை மடி நிறையத் தந்தார். "உனக்குக் குளிர்ந்தால் நாளைக்கு உன் பிள்ளை வெயில் காணாது" என்று, எனக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே சொன்னார்.

வெயில் அங்கே சும்மா கிடைக்கிற பொருளல்ல. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் திரும்பும். முழு வட்டமாகத் தெரிகிற அன்று கோட்டையில் பீரங்கி முழங்கும், பாடசாலைக்கு விடுமுறை. மகளைத் தள்ளுவண்டியில் ஆட்டுத்தோலின் மேல் கிடத்திக்கொண்டு நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஆரியகுளத்தடியில் வளர்ந்தவள் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

டொரோன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். ஊரில் இருக்கும் மாமி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அழுவார். அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக வண்டியை மூலையில் வைக்காதீர்கள். சளி கிருமியால் வருவது, அது கதவு பூட்டிய சூடான அறையில்தான் அதிகம் பரவும். வைட்டமின் டி துளி கொடுப்பதைப் பற்றிச் சுகாதார நிலையத்துத் தாதியிடம் கேளுங்கள். ஒஸ்லோவின் குளிர்கால வெயில் அதற்குப் போதாது.

பணத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். பிள்ளை அடுத்த குளிர்காலத்துக்குள் வளர்ந்துவிடும். இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் பாடசாலை வாத்தியக் குழுக்கள் நடத்தும் பழைய பொருட் சந்தைகளில் நல்ல உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும். சறுக்குப் பலகையும் பனிச்சறுக்குக் கட்டையும் பூவா என்ற அமைப்பில் இலவசமாக இரவல் தருவார்கள். டிசம்பரில் மூன்றேகால் மணிக்கே சூரியன் போய்விடும், ஆகவே ஒளி தெறிக்கும் பட்டியை உங்கள் ஜாக்கெட்டிலும் வண்டியிலும் மாட்டுங்கள். பட்டி இல்லாதவரைச் சாரதி 30 மீட்டருக்குள்தான் காண்பார், பட்டி இருந்தால் 140 மீட்டரிலேயே தெரியும்.

முதல் நடைக்குச் சொங்ஸ்வான் ஏரிக்குப் போங்கள். சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பு அதுதான். ஏரியைச் சுற்றிய பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், வண்டி சுகமாக உருளும். மைனஸ் 5 அளவில் உலர்ந்த நாளாகப் பாருங்கள். பூச்சியப் பாகையில் பெய்யும் ஈரப்பனிதான் பொல்லாதது, அந்த நாளில் எல்லாவற்றுக்கும் மேலே மழையுடுப்பும் வேண்டும்.